ஈறு நோயும் கட்டுக்குள் வராத சர்க்கரையும்: தொடர்பு எவ்வளவு உறுதியானது?

வைகறை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் தாயாருக்கு வயது 62. நெடுங்காலமாக இரண்டாம் வகை நீரிழிவு நோய் உள்ளது. மாத்திரைகளை நேரம் தவறாமல் உட்கொள்கிறார். உணவிலும் நடைப்பயிற்சியிலும் எங்கள் வீட்டில் அவரைவிடக் கட்டுப்பாடானவர் வேறு எவரும் இல்லை. அப்படியிருந்தும், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு சில காலமாக 8.5 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. மருந்தின் அளவைக் கூட்டிப் பார்த்தும் பெரிய மாற்றம் தெரியவில்லை.

அவருக்குப் பல் துலக்கும்போது ஈறுகளில் இரத்தம் கசிவது பழைய பழக்கம்போல ஆகிவிட்டது. வலி ஏதும் இல்லாததால் அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கீழ்வரிசையின் முன்பற்கள் இரண்டு ஆடத் தொடங்கிய பிறகுதான் பல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். அவர் ஈறுக்கும் பல்லுக்கும் இடையே மெல்லிய அளவுகோலைச் செலுத்திப் பார்த்துவிட்டு, பல இடங்களில் ஆழம் 6 மில்லிமீட்டர் வரை உள்ளது என்றும், ஈறு நோயைக் கவனிக்காமல் விட்டால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கடினம் என்றும் கூறினார். நீரிழிவுக்காக நாங்கள் பார்க்கும் மருத்துவர் இத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட வாயைத் திறந்து காட்டச் சொன்னதில்லை என்பதால், இது எனக்கு வியப்பாக இருந்தது.

இது உண்மையா? உறவினர் ஒருவர் இன்னும் மேலே சென்று, ஈறு நோயால் மாரடைப்பு, பக்கவாதம், மூட்டுவலி, மறதி நோய் எல்லாம் வரும் என்று சொல்லி அம்மாவை அச்சுறுத்திவிட்டார். மற்றொருவரோ, ஆழமாகச் சுத்தம் செய்தால் ஆடாத பற்களும் ஆடத் தொடங்கிவிடும் என்கிறார். இவற்றில் எதை நம்புவது, எதை ஒதுக்குவது என்று தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பல்நலம்

அன்புள்ள வைகறை, நான் ஈறு நோய்ச் சிகிச்சையில் மேற்பயிற்சி பெற்ற பல் மருத்துவர். உங்கள் தாயாரைப் பரிசோதித்தவர் சொன்னதில் மிகை இல்லை. உங்களுக்கு வந்த அறிவுரைகளுள் அடிப்படை மிக உறுதியானது அதுதான். ஏன் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். காரணம் புரிந்தால்தான் உங்கள் தாயார் சிகிச்சையைப் பாதியில் விடாமல் இருப்பார்.

பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் நாள்தோறும் நுண்ணுயிர்களாலான மெல்லிய படலம் படிகிறது. அதை அகற்றாமல் விட்டால் ஈறு சிவந்து வீங்கி, தொட்டால் இரத்தம் கசியும் நிலைக்கு வரும். இதை 1965-ஆம் ஆண்டில் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் ஹரால்ட் லோவும் உடன் ஆய்வாளர்களும் நேரடியாகவே காட்டினார்கள். நலமான ஈறு உடைய 12 பேரைப் பல் துலக்குவதை நிறுத்தச் சொன்னபோது, 10 முதல் 21 நாட்களுக்குள் அவர்கள் அனைவருக்கும் ஈறு அழற்சி தோன்றியது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் அது மறைந்தது. ஆகவே இந்த முதல் கட்டம் முழுமையாக மீளக்கூடியது.

அழற்சி ஆண்டுக்கணக்கில் நீடிக்கும்போது சிலருக்கு அடுத்த கட்டம் வருகிறது. பல்லைத் தாடை எலும்புடன் பிணைக்கும் இழைகள் அழிந்து, ஈறு பல்லிலிருந்து விலகி, இடையே ஒரு பை உருவாகிறது. நலமான ஈற்றில் இந்த இடைவெளியின் ஆழம் 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை இருக்கும். 6 மில்லிமீட்டர் என்றால் பல் துலக்கும் தூரிகை எட்டவே முடியாத ஆழம் அது. அங்கே உயிர்க்காற்று குறைவு; காற்றில்லாமல் வாழும் போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் போன்ற நுண்ணுயிர்கள் அங்குதான் தழைக்கின்றன. அவற்றை எதிர்க்கப் புறப்படும் வெள்ளணுக்கள் வெளியிடும் பொருட்களே சுற்றியுள்ள எலும்பையும் கரைக்கின்றன. பல் ஆடுவது அந்த எலும்பு இழப்பின் வெளி அடையாளம். கரைந்த எலும்பு பெரும்பாலும் திரும்புவதில்லை. மேலும் கரையாமல் நிறுத்துவதுதான் சிகிச்சையின் முதல் நோக்கம்.

அனைவருக்கும் இது ஒரே வேகத்தில் நிகழ்வதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் முறையான பல் மருத்துவ வசதி எதுவும் இல்லாதிருந்த 480 ஆண் தொழிலாளர்களை 1970 முதல் 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு உண்டு. அவர்களுக்குப் பற்காரையும் (படலம் கல்போல் இறுகிய படிவு) ஈறு அழற்சியும் பொதுவாகவே இருந்தன. ஆனால் 8 சதவீதத்தினருக்கு நோய் மிக விரைவாக முற்றியது; 81 சதவீதத்தினருக்கு மிதமான வேகத்தில் சென்றது; 11 சதவீதத்தினருக்கு அழற்சியைத் தாண்டி அது முன்னேறவே இல்லை. நம் மக்கள் பட்ட துன்பத்திலிருந்து உலகம் முழுவதுமுள்ள பல் மருத்துவ மாணவர்கள் கற்கும் பாடம் இது என்பதால் அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். மரபணுவும், புகைப்பழக்கமும், நீரிழிவும் இந்த வேறுபாட்டைத் தீர்மானிக்கும் காரணங்களுள் முக்கியமானவை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். முற்றிய ஈறு நோயில் வாய் முழுவதும் உள்ள பைகளின் உட்புறத்தை விரித்து அளந்தால், அழற்சியுற்ற பரப்பு 8 முதல் 20 சதுர சென்டிமீட்டர் வரை வரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கையில் இத்தனை அகலத்துக்கு ஆறாத புண் ஒன்று ஆண்டுக்கணக்கில் இருந்து, தொட்டபோதெல்லாம் இரத்தம் கசிந்தால் எவரும் அதை அலட்சியம் செய்யமாட்டோம். அது ஈற்றுக்குள் மறைந்திருப்பதாலும் வலி தராததாலும்தான் நமக்குப் பழகிப்போகிறது. மெல்லும்போதும் துலக்கும்போதும் அந்தப் பரப்பின் வழியே நுண்ணுயிர்களும் அவற்றின் நச்சுப்பொருட்களும் சிறுசிறு அளவில் இரத்தத்தில் கலக்கின்றன. உடல் அதற்கு எதிர்வினையாக இண்டர்லூக்கின்-6, டிஎன்எஃப்-ஆல்ஃபா போன்ற அழற்சித் தூதுப் பொருட்களைச் சுரக்கிறது. கல்லீரல் சி-ரியாக்டிவ் புரதத்தைக் கூடுதலாக உற்பத்தி செய்கிறது. இந்தத் தூதுப் பொருட்கள் இன்சுலினின் செயலுக்குத் தடையாக நிற்பவை. உட்கொள்ளும் மருந்து அதே மருந்தாக இருந்தும், அது செய்ய வேண்டிய வேலை கூடிவிடுகிறது.

எதிர்த் திசையிலும் இதே அளவு வலுவான தொடர்பு உண்டு. சர்க்கரை நெடுங்காலம் மிகுந்திருந்தால் புரதங்களுடன் அது பிணைந்து உருவாகும் பொருட்கள் ஈற்றுத் திசுக்களில் தேங்கி அழற்சியைத் தூண்டுகின்றன. வெள்ளணுக்களின் திறன் குறைகிறது. நுண்குழல்கள் தடித்து, புண் ஆறுவது தாமதமாகிறது. அதனால்தான் 1993-இல் அதே ஹரால்ட் லோ, ஈறு நோயை நீரிழிவின் ஆறாவது பின்விளைவு என்று வகைப்படுத்த வேண்டும் என எழுதினார். கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றை ஆண்டுதோறும் பரிசோதிக்கச் சொல்லும் மருத்துவர்கள் ஈற்றையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. உங்கள் மருத்துவர் கேட்கவில்லை என்றால் நீங்களே சொல்லுங்கள். பல் மருத்துவரின் அளவீட்டுக் குறிப்பைப் பிரதி எடுத்து அவரிடம் கொடுங்கள். எச்பிஏ1சி முடிவைப் பல் மருத்துவரிடம் கொடுங்கள். 2018-இல் வெளியான உலகளாவிய வகைப்பாட்டில், ஈறு நோய் எவ்வளவு வேகமாக முற்றும் என்பதைக் கணிப்பதற்கான அளவைகளுள் ஒன்றாகவே எச்பிஏ1சி சேர்க்கப்பட்டுள்ளது.

சிகிச்சையால் சர்க்கரை எவ்வளவு குறையும்? மருத்துவச் சான்றுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2022-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு 35 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. ஈற்றின் அடியில் உள்ள காரையை நீக்கும் சிகிச்சைக்குப் பிறகு மூன்று, நான்கு மாதங்களில் எச்பிஏ1சி சராசரியாக 0.43 சதவீதப் புள்ளிகள் குறைந்தது. ஆறாம் மாதத்தில் அந்த வேறுபாடு 0.30 ஆக இருந்தது. ஆகையால் உங்கள் தாயாரின் 8.5 உடனே 7-க்கு இறங்கிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் ஒரு மாத்திரையும் கூட்டாமல் கிடைக்கும் இந்தக் குறைவு சிறிதன்று. எஞ்சிய காரணங்களை நீரிழிவு மருத்துவர் தொடர்ந்து தேட வேண்டும். ஈறு நோய் என்ற ஒரு காரணம் கிடைத்துவிட்டது என்பதற்காக அந்தத் தேடல் நின்றுவிடக் கூடாது.

பற்களைச் சுத்தம் செய்தால் அவை ஆடும் என்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எலும்பு கரைந்த இடத்தைக் காரை நிரப்பிக்கொண்டு பற்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருக்கும். அதை எடுத்ததும், ஏற்கெனவே இருந்த ஆட்டம் வெளிப்படுகிறது. வீங்கிய ஈறு வற்றிச் சுருங்குவதால் பற்களுக்கிடையே இடைவெளி தெரியும். வேர்ப்பகுதி வெளிப்பட்டுச் சில வாரங்களுக்குக் கூச்சமும் இருக்கும். இவற்றை முன்கூட்டியே சொல்லாமல் விடுவதால்தான் மக்கள் சிகிச்சையையே குறை சொல்கிறார்கள். அந்தப் பொறுப்பு எங்கள் துறையைச் சேர்ந்தது. உண்மையில் அழற்சி தணிந்த பிறகு, சற்றே ஆடிய பற்கள் பல ஓரளவு இறுகுவதைத்தான் நாங்கள் காண்கிறோம்.

அளவுகோல்

மருத்துவர் பல்நலம் அவர்களின் விளக்கத்துக்கு நன்றி. நான் மருத்துவர் அல்லேன். நோய்ப்பரவல் ஆய்வுகளின் புள்ளியியலில் பணிபுரிகிறேன். நீரிழிவைப் பற்றி அவர் எழுதியதில் எனக்குப் பெரிய மறுப்பு இல்லை. இருப்பினும் ஒன்றைச் சேர்க்க வேண்டும். 2013-இல் அமெரிக்காவில் 514 பேரைக் கொண்டு நடந்த பெரிய ஆய்வில், ஈறு சிகிச்சையால் எச்பிஏ1சி குறையவில்லை. அந்த ஆய்வில் சிகிச்சைக்குப் பின்னும் பங்கேற்றோரின் ஈறுகளில் படலமும் இரத்தக்கசிவும் கணிசமாக எஞ்சியிருந்தன என்று பின்னர் பலர் சுட்டிக்காட்டினார்கள்; அந்த விமர்சனம் நியாயமானதே. அதற்கு மாறாக, 2018-இல் வெளியான 264 பேர் பங்கேற்ற ஆய்வில், ஓராண்டு முழுவதும் தீவிரமாகச் சிகிச்சை பெற்றவர்களின் எச்பிஏ1சி மற்றவர்களைவிட 0.6 சதவீதப் புள்ளிகள் குறைந்திருந்தது. இரண்டையும் ஒருசேரப் படிக்கும்போது நான் எடுத்துக்கொள்வது இதுதான்: பெயரளவில் ஒருமுறை சுத்தம் செய்துகொள்வதால் பயன் கிடைக்கும் என்று எண்ணக் கூடாது, ஈறு உண்மையிலேயே நலமடைந்து, அந்த நலம் நீடிக்க வேண்டும்.

நான் எழுத வந்தது உங்கள் உறவினர் கூறிய மற்ற நோய்களைப் பற்றி. அங்கே 'தொடர்பு உண்டு' என்பதற்கும் 'காரணமாகிறது' என்பதற்கும் இடையில் பெரிய தொலைவு இருக்கிறது. அந்தத் தொலைவை மறந்ததால் மருத்துவ உலகம் ஒருமுறை கடுமையான தீங்கு செய்திருக்கிறது. 1900-ஆம் ஆண்டிலும், பின்னர் 1910-இல் மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையிலும், வில்லியம் ஹண்டர் என்ற பிரித்தானிய மருத்துவர் வாயின் சீழ்நிலையே உடலின் பல நோய்களுக்கு வேர் என்று வாதிட்டார். அடுத்த சில பத்தாண்டுகளில் மூட்டுவலி முதல் மனநோய் வரை எதற்கெடுத்தாலும் பற்களைப் பிடுங்கும் வழக்கம் பரவியது. எத்தனையோ நல்ல பற்கள் போயின. நோய்களோ அப்படியே இருந்தன. சான்றுகள் கைகொடுக்காததால் அந்தக் கொள்கை பிறகு கைவிடப்பட்டது. இன்றைய ஆராய்ச்சி அதைவிடப் பன்மடங்கு கவனமானது என்றாலும், அச்சுறுத்தும் செய்திகளைப் படிக்கும்போது அந்த வரலாற்றை நினைவில் கொள்வது நல்லது.

இதய நோயை எடுத்துக்கொள்வோம். 1989-இல் பின்லாந்து ஆய்வாளர்கள், மாரடைப்பு வந்தவர்களின் பல் நலம் மற்றவர்களைவிட மோசமாக இருந்ததைக் கவனித்தார்கள். அதன்பிறகு ஏராளமான ஆய்வுகள் வந்துவிட்டன. எனக்கு மிகவும் நம்பகமாகத் தோன்றுவது 2016-இல் சுவீடனில் வெளியானது: முதல் மாரடைப்பு வந்த, 75 வயதுக்குட்பட்ட 805 பேரையும், மாரடைப்பு வராத 805 பேரையும் தாடை எக்ஸ்-ரே படங்களைக் கொண்டு ஒப்பிட்டார்கள். ஈறு நோய் முதல் குழுவில் 43 சதவீதமும் இரண்டாம் குழுவில் 33 சதவீதமும் காணப்பட்டது. புகைபிடித்தல், நீரிழிவு, கல்வி போன்றவற்றைக் கணக்கில் கொண்டு சரிசெய்த பிறகும், ஈறு நோய் உடையவர்களிடம் மாரடைப்பின் வாய்ப்பு ஏறக்குறைய 28 சதவீதம் அதிகமாக இருந்தது. இது புறக்கணிக்கத்தக்கது அன்று. ஆயினும் புகையும் வறுமையும் ஈற்றையும் இதயத்தையும் ஒருசேரக் கெடுப்பவை. அவற்றின் தாக்கத்தைக் கணக்கிலிருந்து முற்றிலுமாகப் பிரித்தெடுப்பது எளிதன்று.

அப்படியானால் ஈற்றைக் குணப்படுத்தினால் மாரடைப்பு குறைகிறதா என்று நேரடியாகச் சோதிக்க வேண்டும். இரத்தக் குழாய்களின் நலத்தை அளந்த ஒரு நல்ல சோதனை 2007-இல் வெளியானது. கடும் ஈறு நோய் உடைய 120 பேரில் தீவிரச் சிகிச்சை பெற்றவர்களின் குழாய்கள் விரியும் திறன் மறுநாள் சற்றே குறைந்து, 60-ஆம் நாளிலும் 180-ஆம் நாளிலும் மற்றவர்களைவிடத் தெளிவாக மேம்பட்டிருந்தது. குழாய் மேம்படுகிறது என்பது நம்பிக்கை தரும் அடையாளமே. மாரடைப்பு குறைந்தது என்பதற்கு அது ஈடாகாது. 2012-இல் அமெரிக்க இதயச் சங்கம் வெளியிட்ட அறிக்கையும் இதையேதான் கூறியது: மற்ற காரணங்களைக் கணக்கில் கொண்ட பிறகும் தொடர்பு இருக்கிறது, ஆனால் ஈறு நோய் இதய நோயை உண்டாக்குகிறது என்பதற்கோ, ஈறு சிகிச்சை அதைத் தடுக்கிறது என்பதற்கோ போதிய சான்று இல்லை.

மறதி நோயில் நிலைமை இன்னும் தெளிவற்றது. 2019-இல், அல்சைமர் நோயால் இறந்தவர்களின் மூளையில் போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் சுரக்கும் நொதிகளைக் கண்டறிந்ததாக ஓர் ஆய்வு வெளிவந்து, உலகெங்கும் தலைப்புச் செய்தியானது. அந்த நொதியைத் தடுக்கும் மருந்தை 600-க்கும் மேற்பட்ட நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதித்தபோது, 2021-இல் வந்த முடிவில் அது நினைவாற்றல் சரிவைத் தடுக்கும் முதன்மை இலக்கை எட்டவில்லை. முதல் செய்தியைப் பகிர்ந்தவர்களில் எத்தனை பேர் இரண்டாவதைப் பகிர்ந்தார்கள் என்று எண்ணிப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. உங்கள் தாயாரிடம் இந்த அச்சத்தைத் தயவுசெய்து நீக்கிவிடுங்கள்.

மூட்டுவலியைப் பொறுத்தவரை, உடலின் எதிர்ப்பாற்றல் தன் மூட்டுகளையே தாக்கும் முடக்குவாதம் என்ற நோய்க்கு மட்டுமே இது பொருந்தும். வயதினால் வரும் மூட்டுத் தேய்மானத்துக்குப் பொருந்தாது. மேற்சொன்ன போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் நுண்ணுயிர், புரதங்களின் ஒரு பகுதியை மாற்றியமைக்கும் நொதி ஒன்றைச் சுரக்கிறது. அவ்வாறு மாறிய புரதங்களுக்கு எதிராகவே முடக்குவாத நோயாளிகளின் உடல் எதிர்ப்புப் பொருட்களை உருவாக்குகிறது. உயிரியல் அடிப்படையில் இது மிகவும் கவர்ச்சியான விளக்கம். மனிதர்களிடம் அது எந்த அளவுக்கு நிகழ்கிறது என்பது ஆய்வில் உள்ளது.

வெண்பனி

நான் முதியோரைப் பராமரிக்கும் செவிலியர். மேலே உள்ள இரண்டு பதில்களிலும் விடுபட்ட ஒன்று நுரையீரல். படுக்கையில் இருப்பவர்களும், விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களும் உறக்கத்தில் தங்கள் உமிழ்நீரைச் சிறிது சிறிதாக மூச்சுக்குழலுக்குள் இழுத்துவிடுகிறார்கள். வாயில் நுண்ணுயிர்ப் படலம் மிகுந்திருந்தால் அது நேராக நுரையீரலுக்குச் சென்று நிமோனியாவை உண்டாக்கும். ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டு ஆண்டுகள் நடந்த ஆய்வில், ஒவ்வோர் உணவுக்குப் பின்னும் பராமரிப்பாளர் பல் துலக்கிவிட்ட குழுவில் நிமோனியா 11 சதவீதத்தினருக்கும், வழக்கம்போல் விடப்பட்ட குழுவில் 19 சதவீதத்தினருக்கும் வந்தது. பற்கள் இல்லாத முதியோருக்கும் இதே பயன் தெரிந்தது என்பதை நான் பணியில் சேரும் ஒவ்வொருவரிடமும் வலியுறுத்துவேன். பொய்ப்பல் செட்டை இரவில் கழற்றி, தூரிகையால் தேய்த்துக் கழுவிவைக்க வேண்டும். நாக்கையும் ஈற்றையும் மென்மையாகத் துடைக்க வேண்டும்.

வைகறை அவர்களே, உங்கள் தாயார் நடமாட்டத்துடன் இருப்பதால் இது இப்போது அவருக்கு நேரடியாகப் பொருந்தாமல் இருக்கலாம். ஆனால் வீட்டில் படுத்த படுக்கையாக முதியவர்கள் இருக்கும் பிற வாசகர்களுக்குப் பயன்படும் என்று எழுதினேன். இன்னொன்று: இரத்தம் வருகிறது என்று அஞ்சி அந்த இடத்தில் மட்டும் தூரிகையைப் படவிடாமல் ஒதுக்குபவர்களை நான் அடிக்கடி காண்கிறேன். இரத்தம் வரும் இடத்தில்தான் படலம் அதிகம். அங்கேதான் கூடுதல் பொறுமையுடன் துலக்க வேண்டும். மென்மையான தூரிகையை ஈற்று விளிம்பில் 45 பாகை சாய்த்து வைத்து, அழுத்தாமல், சிறு அசைவுகளால் தேய்த்தால் ஒன்றிரண்டு வாரங்களில் கசிவு குறைவதை அவரே உணர்வார். ஆழமான பைகள் உள்ள இடங்களுக்கு இது மட்டும் போதாது. அங்கே பல் மருத்துவரின் கருவிதான் எட்டும்.

வைகறை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பதில்களை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மறதி நோய் பற்றிய பகுதியைக் கேட்டதும் அவர் முகத்தில் தெளிவு வந்தது, சிகிச்சைக்கும் ஒப்புக்கொண்டார்.

இன்னும் சில ஐயங்கள் எழுகின்றன. சர்க்கரை குறைந்த பிறகு ஈறு சிகிச்சையைத் தொடங்கினால் போதும் என்று ஒருவர் சொல்கிறார்; அது சரியா? அம்மா இதய மருத்துவரின் அறிவுரைப்படி நாள்தோறும் குறைந்த அளவு ஆஸ்பிரின் உட்கொள்கிறார். சிகிச்சைக்கு முன் அதை நிறுத்த வேண்டுமா? இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் மாத்திரையும் உண்டு. என் தந்தையாரைப் பற்றியும் கேட்டுவிடுகிறேன்: அவர் நெடுநாள் புகைபிடிப்பவர், ஆனால் அவருடைய ஈற்றில் ஒரு துளி இரத்தம்கூட வருவதில்லை. அவருடைய ஈறு நலமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

பல்நலம்

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் கேட்டவற்றுள் எனக்குக் கவலை தருவது அதுதான். புகைபிடிப்பவரின் ஈற்றில் இரத்தம் வராதிருப்பதை நலத்தின் அடையாளமாகக் கொள்ள முடியாது. புகையிலை ஈற்றின் இரத்த ஓட்டத்தையும் அழற்சியின் வெளி அறிகுறிகளையும் அடக்கிவிடுகிறது. சிவப்பும் வீக்கமும் கசிவும் தெரியாமலேயே உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்கும். புகைபிடிப்பவர்களுக்கு ஈறு நோய் வரும் வாய்ப்பு அதிகம்; வந்தால் விரைவாக முற்றும்; சிகிச்சையின் பலனும் அவர்களுக்குக் குறைவு. எச்சரிக்கை மணியே ஒலிக்காத நிலையில் இருப்பதால், உங்கள் தாயாரைவிட அவரைத்தான் முதலில் அளவுகோல் வைத்துப் பரிசோதிக்க வேண்டும் என்பேன். புகையை நிறுத்திய சில வாரங்களில் ஈற்றில் இரத்தம் கசியத் தொடங்குவது சிலருக்கு நேர்வதுண்டு. அதைக் கண்டு மீண்டும் புகைக்கத் திரும்பிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஈறு தன் இயல்பான எதிர்வினையை மீட்டுக்கொள்கிறது என்பதே அதன் பொருள்.

சர்க்கரை குறையும்வரை காத்திருக்கத் தேவையில்லை. எச்பிஏ1சி 8.5 என்பது, அறுவை இல்லாத ஆழ்சுத்தச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டிய நிலை அன்று. ஒன்று குறைந்தால்தான் மற்றொன்று என்று இரண்டையும் ஒன்றுக்கொன்று காத்திருக்க வைத்தால் இரண்டுமே முற்றும். காலை உணவும் வழக்கமான மாத்திரையும் எடுத்துக்கொண்ட பின், முற்பகல் நேரத்தில் சிகிச்சைக்கு அழைத்துச் செல்லுங்கள். வெறும் வயிற்றுடன் வந்து சர்க்கரை திடீரெனத் தாழ்ந்துவிடுவதுதான் நாங்கள் அஞ்சும் ஆபத்து. ஊசி போட்டு மரத்துப்போகச் செய்துதான் ஈற்றின் அடியில் சுத்தம் செய்வார்கள் என்பதால், மரப்பு நீங்கும்வரை அவர் உண்ண முடியாது. அதையும் முன்கூட்டியே கணக்கில் கொள்ளுங்கள்.

ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்த வேண்டாம். இத்தகைய சிகிச்சைக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரினைப் பொதுவாக நிறுத்துவதில்லை. கசியும் இரத்தத்தைப் பஞ்சை அழுத்தியே நிறுத்திவிட முடியும். அதை நிறுத்துவதால் இரத்தக் குழாயில் அடைப்பு ஏற்படும் ஆபத்துதான் பெரிது. வேறு இரத்த உறைவுத் தடுப்பு மருந்துகள் இருந்தால் அவற்றின் பெயரைப் பல் மருத்துவரிடம் சொல்லி, இதய மருத்துவருடன் அவரே பேசும்படி கேளுங்கள். செயற்கை இதய வால்வு பொருத்தப்பட்டவர்கள், முன்பு இதய உள்ளுறை அழற்சி வந்தவர்கள், சில பிறவி இதயக் குறைபாடுகள் உடையவர்கள் போன்றோருக்கு ஈற்றைத் தொடும் சிகிச்சைக்கு முன் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தேவைப்படும். உங்கள் தாயாருக்கு அப்படி ஏதும் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை, இருந்தால் கட்டாயம் தெரிவியுங்கள்.

அம்லோடிபினைக் குறிப்பிட்டது நல்லதாயிற்று. அந்த வகை மாத்திரைகள் சிலருக்கு ஈற்றைத் தடித்து வளரச் செய்யும். வலிப்பு நோய்க்கான ஃபெனிடோயினும், உறுப்பு மாற்றம் செய்தவர்கள் உட்கொள்ளும் சைக்ளோஸ்போரினும் அவ்வாறே. பற்களுக்கிடையே ஈறு முடிச்சுபோல் புடைத்திருந்தால் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்தை மாற்ற வேண்டுமா என்பதை அவரும் உங்கள் மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்வார்கள்.

அளவுகோல் அவர்கள் இதய நோய் பற்றி எழுதியதை நான் ஏற்கிறேன். ஒன்றை மட்டும் நீரிழிவு உடையவர்களுக்காகச் சேர்க்கிறேன். அரிசோனாவின் கிலா நதிப் பகுதியைச் சேர்ந்த பீமா பழங்குடி மக்களிடையே நீரிழிவு மிக அதிகம். அவர்களில் நீரிழிவு உடைய 628 பேரைப் பல்லாண்டுகள் தொடர்ந்த ஆய்வில், கடும் ஈறு நோய் உடையவர்கள் இதய நோயாலோ நீரிழிவுச் சிறுநீரக நோயாலோ இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 3.2 மடங்கு அதிகமாக இருந்தது. இதுவும் தொடர்பைக் காட்டும் ஆய்வுதான், காரணத்தை நிறுவுவதன்று. ஆனாலும், நீரிழிவும் கடும் ஈறு நோயும் ஒருவரிடம் சேர்ந்திருப்பதைக் கண்டால் அவருடைய சிறுநீரகத்தையும் இதயத்தையும் சோதித்துப் பார்க்கும்படி எழுதிக் கொடுப்பது என் வழக்கம். உங்கள் தாயாரின் சிறுநீரில், சிறுநீரகப் பாதிப்பைக் காட்டும் ஆல்புமின் என்ற புரதத்தின் அளவு அண்மையில் பார்க்கப்பட்டதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சிகிச்சை முடிந்து ஏறத்தாழ மூன்று மாதங்களில் பைகளின் ஆழத்தை மீண்டும் அளப்பார்கள். அதே வாரத்தில் எச்பிஏ1சி சோதனையையும் வைத்துக்கொண்டால் இரண்டு மாற்றங்களையும் ஒன்றாக ஒப்பிடலாம். ஆழம் 4 மில்லிமீட்டர் அல்லது அதற்குக் குறைவாக வந்து, தொட்டால் இரத்தம் வராமல் இருந்தால் அந்த இடம் அமைதியடைந்தது என்று கொள்வோம். ஆழம் குறையாமல் எஞ்சும் இடங்களில் மறுபடியும் சுத்தம் செய்யவோ, சிறு அறுவைக்கோ தேவை வரலாம். அதன்பின் முதல் ஓராண்டுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பராமரிப்புச் சுத்தம் செய்துகொள்ளச் சொல்லுங்கள். ஆடும் அந்த இரண்டு பற்களையும் இப்போதே எடுத்துவிடலாம் என்று எவரேனும் சொன்னால், இந்த மூன்று மாத அளவீடு கையில் வரும்வரை பொறுத்திருக்கலாமா என்று உங்கள் பல் மருத்துவரிடம் கேளுங்கள்.